போர்ட் கிள்ளான் பயணமும் எண்ணெய்க் கணக்கும்



போர்ட் கிள்ளானைப் பற்றிக் கேள்விப்படாத தோட்டத்துக் குடும்பம் நம்மிடையே இருக்காது. மெட்ராசிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பல் ஏறிய நம் முன்னோர்களில் பலர் பினாங்கில் இறங்கினார்கள். மற்றும் பலர் இங்கேதான் இறங்கினார்கள். அன்று அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அந்தத் துறைமுகத்தைத் திறந்தார்கள். திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியாக் காய்ச்சல் வேலையாட்களைச் சாய்த்துவிட்டது. கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி, தேங்கிய நீரை வற்றச் செய்து, காய்ச்சலை அடக்கிய பிறகுதான் அங்கே மனிதர் நிலைத்து வேலை செய்ய முடிந்தது. 1972-ஆம் ஆண்டு முதல் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர்.

தாத்தா வந்து இறங்கிய துறைமுகத்திற்கு இன்று பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தோட்டத்தில் ஆள் குறைந்தது. பிள்ளைகள் விடியும் முன்னே எழுந்து பண்டகசாலைக்கும், லோரிக் கம்பெனிக்கும், கேண்டீனுக்கும் ஓடுகிறார்கள். என் அக்காள் மகனும் அவர்களில் ஒருவன். அவனுடைய பழைய கஞ்சில் காரில் நான் போய் வந்த ஒருநாள் பயணத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஊரைப் பார்க்கப் போனேன். எண்ணெய்க் கணக்கைப் படித்துக்கொண்டு வந்தேன்.

சண்டை எப்படி வந்தது?

எங்கள் தோட்டம் ஜெராமுக்கு அப்பால், கோலசிலாங்கூர் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து துறைமுகம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போக வர 90. மாதம் 25 நாள் வேலை என்றால் 2,250 கிலோமீட்டர். அந்த நேரத்தில் தோட்டத்துக்கு பஸ் கிடையாது. ஆகவே மருமகன் தன் வண்டியில் இன்னும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போவான். இரண்டு பையன்கள், மூன்றாவது ஆள் பக்கத்து லயத்து அத்தை. கணவரை இழந்தவர். கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. ஆளுக்கு மாதம் 80 வெள்ளி எண்ணெய்க் காசாகக் கொடுத்து வந்தார்கள்.

2025 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது, இந்த 80 வெள்ளி பெரிய விவகாரமாகி இருந்தது.

"மாமா, நாலு பேரு ஏறுனா வண்டி எண்ணெயைக் குடிக்காம என்ன செய்யும்? ஆளுக்கு 100 வெள்ளி கொடுக்கட்டும். முடியாதவங்க வேற வண்டி பார்த்துக்கட்டும். முக்கியமா அத்தை. ரெண்டு பை சாமான் வேற தூக்கிக்கிட்டு வருது" என்றான் மருமகன்.

அத்தைக்கு வேறு வண்டி ஏது? அவன் விட்டுவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். அக்காளோ மகனையும் கண்டிக்க முடியாமல், பக்கத்து வீட்டாரின் முகத்தையும் பார்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். போதாததற்கு இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. "ராத்திரி இவன் வண்டி சத்தம் கேக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது, தம்பி. அப்படி ஓட்டுறான்" என்றார்.

நான் கணக்கு வாத்தியார். குற்றம் சாட்டுவதற்கு முன்னே அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மருமகனிடம் சொன்னேன்: "திங்கட்கிழமை காலையில டாங்கியை நிறைச்சிடு. கிலோமீட்டரை எழுதிக்க. வாரம் முடிஞ்சதும் மறுபடி நிறைச்சு, எத்தனை லிட்டர் பிடிச்சதுன்னு கூட்டிப் பாரு. இடையில போட்டதையும் சேர்த்துக்க."

ஆறு நாள், 540 கிலோமீட்டர். பிடித்த எண்ணெய் 41 லிட்டருக்குச் சற்று மேல். அதாவது லிட்டருக்கு 13 கிலோமீட்டர். 660 சிசி எஞ்சின் உள்ள ஒரு சின்ன வண்டிக்கு இது மிகவும் மோசம். மாதக் கணக்குப் பார்த்தால் 173 லிட்டர். புடி95 திட்டம் 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கியபோது வைத்த விலை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு. அந்த விலையில் 344 வெள்ளி ஆகிறது. மூவரும் கொடுப்பது 240. மீதி 104 வெள்ளி இவன் கையைக் கடிக்கிறது. பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் குடிப்பது யார் என்பதில்தான் அவன் தவறு செய்தான்.

விடியற்காலைப் பயணம்

சனிக்கிழமை அரை நாள் வேலை. அன்று ஐந்தாவது ஆளாக நானும் ஏறிக்கொண்டேன். 6.30க்குப் புறப்பட வேண்டியவர்கள் 6.45க்குப் புறப்பட்டோம். தினமும் இப்படித்தானாம்.

வண்டியை ஒருமுறை சுற்றி வந்தேன். கூரையின் மேல் இரும்பு கேரியர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றப் பொருத்தியது. மற்ற ஆறு நாளும் வெறுமனே நிற்கிறது. பின் டயர்கள் இரண்டும் சற்றுத் தொய்ந்திருந்தன. பூட்டில் பழைய பேட்டரி, ஜாக்கி, ஒரு மூட்டை உரம், உடைந்த விசிறி. "இது எதுக்கப்பா?" என்றேன். "அப்படியே கிடக்கு, மாமா" என்றான்.

சாலை திறந்ததும் முள் 110-ஐத் தொட்டது. வழியில் லோரி குறுக்கிட்டால் பிரேக். தாண்டியதும் எண்ணெயை ஓங்கி ஓர் அழுத்து. மறுபடி பிரேக். கூட்டரசுச் சாலையில் 90-க்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம் என்று ஞாபகப்படுத்தினேன். "நேரத்துக்குப் போகணுமே, மாமா" என்றான். கேரியரில் காற்று ஊளையிட்டது. அந்த ஊளைதான் அவனுடைய எண்ணெய் போகும் சத்தம் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

ஜெராம் தாண்டி, காப்பார் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தபோது வெளுக்கத் தொடங்கியது. பிறகு கிள்ளான் நெருங்க நெருங்கச் சாலை முழுதும் கொள்கலன் லோரிகள். மருமகனும் மற்றவர்களும் வட துறைமுகப் பக்கம் வேலைக்கு இறங்க வேண்டும். அதற்கு முன் என்னைத் தஞ்சோங் ஹராப்பான் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

காற்றுக்குக் கொடுக்கும் வரி

வாசகர்களே, இந்த இடத்தில் வண்டி ஏன் எண்ணெய் குடிக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

ஓடும் வண்டியை இரண்டு பேர் பின்னுக்கு இழுக்கிறார்கள். ஒருவர், தரையில் உருளும் டயர். அது வண்டியின் எடையைப் பொறுத்தது. வேகத்தால் பெரிதாக மாறாது. மற்றவர், காற்று. இவர்தான் பொல்லாதவர். நீங்கள் சைக்கிளில் மெதுவாகப் போகும்போது காற்று முகத்தைத் தடவும். இறக்கத்தில் வேகமாகப் போகும்போது அதே காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 90-இல் அது 127 பங்கு. 100-இல் 156 பங்கு. 110-இல் 189 பங்கு. வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல்தான். காற்றுக்குக் கட்டும் வரியோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. டயரின் பங்கு அப்படிக் கூடாததால் மொத்த எண்ணெய்ச் செலவு இரட்டிப்பாகாது. ஆனாலும் கையைக் கடிக்கும் அளவுக்குக் கூடும். கூரையில் கேரியர் இருந்தால், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது போலத்தான்.

அப்படியானால் ஆமை போல் ஊர்ந்தால் இன்னும் மிச்சமா? இல்லை. எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவே ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நிமிடம். அத்தனை நிமிடமும் அது தின்றுகொண்டே இருக்கும். ஆகையால் மிகவும் மெதுவாகப் போனாலும் நஷ்டம்; மிகவும் வேகமாகப் போனாலும் நஷ்டம். நடுவிலே ஒரு நல்ல இடம் இருக்கிறது. பெரும்பாலான கார்களுக்கு அது மேல் கியரில் 50-க்கும் 80-க்கும் இடையே வரும். இந்தியாவில் பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுச் சங்கம் 45 முதல் 55 வரை ஓட்டுங்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை அடைத்தபோது அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? 1974 சனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று வேக வரம்பு கொண்டுவந்தது. 1995 வரை நாடளாவிய வேகச் சட்டம் அங்கே இருந்தது. பணக்கார நாடே எண்ணெய்க்காக வேகத்தைக் குறைத்தது என்றால் நமக்கு என்ன வெட்கம்?

கப்பல் எஞ்சின் பெரியவர்

தஞ்சோங் ஹராப்பானில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். எதிரே நீரிணையில் கப்பல்கள் வரிசையாக நகர்ந்தன. அந்தப் பக்கம் இண்டா தீவு. அங்கேதான் மேற்குத் துறைமுகம் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டு இங்கே கொள்கலன் துறைமுகம் தொடங்கியபோது இவ்வளவு வளரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2023-ஆம் ஆண்டில் மட்டும், 20 அடிப் பெட்டிக் கணக்கில், ஒரு கோடியே நாற்பது லட்சம் பெட்டிகள் போர்ட் கிள்ளான் வழியாக ஏறி இறங்கின.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பேச்சு எண்ணெயைப் பற்றித் திரும்பியது. மருமகன் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"சார், உங்க பையன் கதைதான் எங்க கப்பல் கதையும். ஒரு காலத்துல பெரிய கொள்கலன் கப்பல் எல்லாம் 24 நாட் வேகத்துல ஓடும். ஒரு நாளைக்கு 200 டன்னுக்கு மேல எண்ணெய் குடிக்கும். 2008-ல எண்ணெய் விலை உச்சிக்குப் போச்சு பாருங்க, அதுக்கப்புறம் கம்பெனிக்காரங்க கணக்குப் போட்டாங்க. 'வேகத்தைக் குறை'ன்னு சொல்லிட்டாங்க. 20 நாட், 18 நாட்டுன்னு இறக்கிட்டாங்க."

24 நாட் என்பது நம் கணக்கில் மணிக்கு 44 கிலோமீட்டர்.

"நேரம் ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆகும். அதனால முன்கூட்டியே கிளம்ப வேண்டியதுதான். ஒண்ணு ரெண்டு நாள் கூடும். சரக்கு அழுகிப் போகாது. ஆனா மிச்சம் எவ்வளவு தெரியுமா?"

பெரியவர் சொன்னதை நான் கையோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கப்பலுக்கு வேண்டிய சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிக் கூடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 0.9 × 0.9 × 0.9 = 0.729. அதாவது எஞ்சினுக்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய 27 சதவிகிதம் குறைகிறது. பயண நேரம் கூடுவதையும் கழித்துவிட்டால்கூட, அதே தூரத்திற்கு எண்ணெய் 19 சதவிகிதம் மிச்சம். வேகத்தில் பத்துப் போனால் எண்ணெயில் பத்தொன்பது வருகிறது. இதைவிட நல்ல வட்டி எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்கும்?

கோடிக்கணக்கில் முதல் போட்ட கப்பல் முதலாளி மெதுவாகப் போகிறார். கஞ்சில் ஓட்டும் நம் பையன் பறக்கிறான். அதை நினைத்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

சுமையா குற்றவாளி?

மதியம் மருமகன் வந்தான். மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு கிள்ளான் பட்டணத்துக்குப் போனோம். தெங்கு கிளானா சாலையில், நம் குட்டி இந்தியாவில், வாழை இலைச் சாப்பாடு. அத்தை பேரப்பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்: "ஏனய்யா, ஆள் ஏறுவதால்தான் எண்ணெய் போகுதுன்னு சொன்னாயே, ஒருநாளாவது தனியாக ஓட்டி அளந்து பார்த்தாயா?" இல்லை என்றான்.

எடை எண்ணெய் குடிக்காது என்று நான் சொல்லவில்லை. கஞ்சிலின் எடை 700 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து பேர் ஏறினால் அது 1,000 கிலோவை நெருங்கிவிடும். டயர் உருள அதிக பலம் வேண்டும். நின்று நின்று புறப்படும்போது ஒவ்வொரு முறையும் அந்த 1,000 கிலோவையும் உந்த வேண்டும். பிரேக் போட்டால் உந்திய சக்தி அத்தனையும் சூடாகிக் காற்றில் போய்விடும். ஆகவே பட்டணத்து நெரிசலில் எடை பெரிய செலவுதான். ஆனால் ஒரே வேகத்தில் நீண்ட சாலையில் போகும்போது செலவின் பெரும்பங்கு காற்றுக்கே போகிறது. காற்றுக்கு உள்ளே ஒருவர் இருந்தாலும் நால்வர் இருந்தாலும் ஒன்றுதான். அது வண்டியின் முகத்தைத்தான் பார்க்கும்.

எஞ்சினின் சுமையைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பெட்ரோல் எஞ்சின் மிகவும் இலேசான வேலை செய்யும்போதுதான் அதிகமாக வீணாக்குகிறது. எண்ணெயை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாயில் இருக்கும் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் அந்தச் சிறு இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் போராடும். கெட்டியான செண்டோலை மெல்லிய உறிஞ்சு குழாயால் இழுத்துப் பாருங்கள், கன்னம் வலிக்கும். அந்த வலிதான் எஞ்சினுக்கு வீண் செலவு. அதோடு, எஞ்சின் ஒவ்வொரு முறை சுழலும்போதும் உராய்வுக்கு ஒரு பங்கு போகிறது.

ஆகவே ஒரே 70 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் அலறிக்கொண்டு போவதும், மேல் கியரில் அமைதியாகப் போவதும் ஒன்றல்ல. மேல் கியரில் எஞ்சின் குறைவாகச் சுழன்று, ஒவ்வொரு சுழற்சியிலும் நிறைவாக வேலை செய்கிறது. அதுவே சிக்கனம். அதற்காக எஞ்சின் உதறும் அளவுக்கு மேல் கியரில் வைத்து இழுக்கக் கூடாது. அது இயந்திரத்துக்குக் கெடுதல்.

"ஆக, ஆள் ஏறினால் எண்ணெய் கொஞ்சம் கூடும். ஆனால் நாலு பேரும் நாலு வண்டியில போனால் எத்தனை லிட்டர் ஆகும்? ஆள் கணக்குப் போட்டால் இந்த வண்டிதான் ரோட்டிலேயே சிக்கனமான வண்டி" என்றேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தம் இலையிலிருந்த வடையை எடுத்து மருமகன் இலையில் வைத்தார்.

திரும்பும் வழி

திரும்பும் முன் எண்ணெய் நிலையத்தில் டயருக்குக் காற்று அடைத்தோம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பின் டயர்கள் இரண்டும் குறைவாகவே இருந்தன. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகையால் மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது மீண்டும் சரி பார்க்கச் சொன்னேன்.

"இப்ப என் முறையில ஓட்டு. 80-க்கு மேல வேண்டாம். முன்னால இருக்கிற லோரியைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடு. பிரேக்கைக் கடைசியில தொடு" என்றேன்.

கிள்ளான் தாண்டிய கொஞ்ச தூரத்தில், எங்களை ஒரு வெள்ளைக் கார் சீறிக்கொண்டு முந்தியது. மருமகனுக்குக் கால் அரித்தது. பொறுத்துக்கொண்டான். காப்பார் பட்டணத்துச் சிவப்பு விளக்கில் அதே வெள்ளைக் கார் எங்களுக்கு முன்னால் இரண்டாவது வண்டியாக நின்றுகொண்டிருந்தது. பின்னால் இருந்த பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

பிறகு அவர்களையே கணக்குப் போடச் சொன்னேன். வழியில் விளக்கும் கடைத்தெருவும் இல்லாமல் வேகமாக ஓட்டக்கூடிய சாலை 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 110-இல் அதைக் கடக்க 16 நிமிடத்துக்குச் சற்று மேல். 80-இல் 22 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் ஆறு நிமிடம்! அந்த ஆறு நிமிடத்திற்காகத்தான் இத்தனை எண்ணெய், இத்தனை பிரேக், ஒரு தாயின் தூக்கம்.

ஆம், தூக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். காற்றின் தடை எந்தக் கணக்கில் கூடுகிறதோ, அதே கணக்கில்தான் பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரமும் கூடுகிறது. 80-இல் பிரேக் பிடித்து நிற்பதற்கு வேண்டிய தூரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு 110-இல் வேண்டும். விடியற்காலை இருட்டில், மாடு குறுக்கே வரும் சாலையில், அந்த இரட்டைத் தூரத்தை யார் கொடுப்பார்கள்? எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. பெரிய லோரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றின் தடை குறையும் என்று சில பிள்ளைகள் செய்கிறார்கள். குறைவது உண்மைதான். ஆனால் கொள்கலன் லோரி திடீரென்று நின்றால் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள்? அந்தச் சேமிப்பு நமக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரு மாதத்திற்குப் பிறகு

மருமகன் கேரியரைக் கழற்றினான். இப்போது சனிக்கிழமை இரவு மாட்டி, ஞாயிறு மாலை கழற்றி வைக்கிறான். பூட்டைக் காலி செய்தான். போமனிடம் காட்டிக் காற்று வடிகட்டியையும் பிளக்குகளையும் மாற்றினான். எல்லாவற்றையும்விட முக்கியம், 6.30க்கே புறப்படுவது. அத்தைதான் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிறாராம்.

சனவரி இறுதியில் அளந்த கணக்கை என்னிடம் நோட்டுப் புத்தகத்தோடு கொண்டுவந்து காட்டினான். லிட்டருக்கு 17 கிலோமீட்டர். ஆட்கள் அதே நால்வர்தான். மாதம் 173 லிட்டர் போன இடத்தில் 132 லிட்டர். 344 வெள்ளி 263 வெள்ளியாகிவிட்டது. 81 வெள்ளி மிச்சம். மூவர் கொடுக்கும் 240 போக அவன் கையிலிருந்து 23 வெள்ளிதான் போகிறது. யாரிடமும் கூடுதலாக ஒரு காசு கேட்கவில்லை.

இது ஒரு பழைய வண்டியின் கணக்கு. உங்கள் வண்டிக்கு இதே அளவு வரும் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகச் சரியாகப் பராமரித்த வண்டியில் மிச்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் திசை மாறாது.

வாசகர்கள் வீட்டில் செய்து பார்க்கச் சில குறிப்புகள்:

1. டாங்கியை நிறைத்து, ஓடிய கிலோமீட்டரை எழுதி, மறுபடி நிறைத்து அளந்து பாருங்கள். உங்கள் வண்டியின் உண்மை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2. திறந்த சாலையில் 80-ஐ ஒட்டி ஒரே சீராக ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம் என்பது சட்டம் தரும் அனுமதிதானே தவிர, கட்டளை அல்ல. மெதுவாகப் போகும்போது இடது தடத்தில் போங்கள்.

3. எஞ்சின் உதறாத அளவில் சீக்கிரமே மேல் கியருக்குப் போங்கள். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் காலை எடுத்துவிடுங்கள்.

4. வேலையில்லாத கேரியரையும் பூட்டிலுள்ள பழைய சாமானையும் இறக்கிவிடுங்கள். ஆட்களை இறக்கிவிடாதீர்கள்.

5. மாதம் இருமுறை, வண்டி ஆறியிருக்கும்போது டயரின் காற்றை அளந்து பாருங்கள்.

6. பட்டணத்தில் மெதுவாகப் போகும்போது ஏர்கோனை அடைத்துக் கண்ணாடியை இறக்கலாம். வேகமாகப் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்; திறந்த கண்ணாடி காற்றைப் பிடித்து வண்டியை இழுக்கும்.

7. பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். நிற்கும் வண்டி ஒரு கிலோமீட்டரும் ஓடாமல் எண்ணெய் குடிக்கும்.

8. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கால் மணி நேரம் சீக்கிரம் புறப்படுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது எண்ணெய்க்கும் பொருந்தும் என்பதை நான் போர்ட் கிள்ளான் கடற்கரையில்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு அங்கே போய் வாருங்கள். கப்பல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம்மவர்கள் வந்து இறங்கிய கரை இது என்று சொல்லுங்கள். அவ்வளவு பெரிய கப்பலே ஏன் அவசரப்படாமல் போகிறது என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

போன வாரம் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணி. மருமகன் இன்னும் வரவில்லை. அக்காளைத் தேடினேன். உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.